மாறும் காலமும் ஆக்கும் கையும்

வேங்கட மலைக்கு அப்பாலுள்ள நாடுகளை நம் பழம்புலவர்கள் 'மொழிபெயர் தேயம்' என்று குறித்தனர். மொழி வேறுபடும் நாடு என்பது அதன் பொருள். பொருள் தேடி அவ்வழிச் சென்ற தலைவனைப் பற்றியும், அவன் வரவை எண்ணி வீட்டில் நாளெண்ணியிருந்த தலைவியைப் பற்றியும் அவர்கள் பாடியவை பல. ஆனால் சென்ற இடத்தில் அவன் வேலை முடிந்த மாலைப் பொழுதை எவ்வாறு கழித்தான் என்பதை அவர்கள் விரித்துரைத்தாரில்லை. டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் நாகபுரியிலும் வாழ்க்கை அமைந்துவிட்ட தமிழர்களாகிய நமக்கோ அந்த மாலைப் பொழுது முக்கியமானது. அதில்தான் நாம் யார் என்பதை நமக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நம் காலம் நிலையான காலம் அன்று. ஒரு மாற்றல் உத்தரவு வந்தால் பத்தாண்டுகளாகப் பழகிய தெருவை விட்டுப் பெயர்கிறோம். ஆலை மூடப்பட்டால், ஒப்பந்தம் முடிந்தால், அடுத்த மாதத்து வாடகைக்கு வழி என்ன என்ற கேள்வி எழுகிறது. 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 25-ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது, ஊர் விட்டு ஊர் வந்து பிழைத்தவர்கள் பட்ட பாட்டை எவரும் மறந்திருக்க முடியாது. அண்மைக் காலத்தில் கட்டுரை எழுதவும் படம் வரையவும் கற்றுக்கொண்ட கணிப்பொறிகள் வந்துவிட்டன. கற்ற தொழில் நாளையும் சோறு போடுமா என்ற ஐயம், முன்னர் அதை அறியாத வீடுகளிலும் புகுந்துவிட்டது.

இத்தகைய வேளையில், 'பாட்டும் கோலமும் கதையும் எதற்கு? முதலில் பிழைப்பைப் பார்' என்று சொல்வோர் உண்டு. அவர்கள் கூற்றை நாம் எளிதாகத் தள்ளிவிடுவதற்கில்லை. பசித்த வயிற்றுக்குப் பாட்டு உணவாகாது. ஆயினும் தட்டுப்பாடும் இடப்பெயர்ச்சியும் நேர்ந்த காலத்தில் மனிதரின் சொந்தப் படைப்புத் திறன் என்ன செய்தது என்பதை, நம் நாட்டில் அண்மைக் காலத்தில் நடந்த உண்மை நிகழ்ச்சிகளைக் கொண்டு ஆராய்ந்து பார்த்தல் தகும். அதன் பின்னர் அவரவர் முடிவு செய்துகொள்ளலாம்.

முதலில் சொல்லைத் தெளிவு செய்துகொள்வோம். படைப்புத் திறன் என்றவுடன் பெருங்காவியம் செய்த கவிஞரும் கோபுரம் எழுப்பிய சிற்பியும் நம் நினைவுக்கு வருகின்றனர். நாம் ஈண்டுக் குறிப்பது அவ்வளவு பெரியதன்று. கைக்கு எட்டிய பொருளைக்கொண்டு, மனத்தில் தோன்றிய ஓர் ஒழுங்கை, முன் இல்லாத ஒன்றாக வெளியில் நிறுத்தும் ஆற்றலே அது. தமிழில் 'ஆக்கம்' என்னும் சொல்லுக்குப் படைத்தல் என்றும் பொருளுண்டு. செல்வம், மேம்பாடு என்றும் பொருளுண்டு. சமைப்பதையும் 'சோறு ஆக்குதல்' என்றே வழங்குகிறோம். காவியத்திற்கும் அடுப்படிக்கும் வாழ்வின் உயர்வுக்கும் ஒரே சொல்லை நம் முன்னோர் வைத்தது எண்ணிப் பார்க்கத் தக்கது.

இனி, பீகாரில் மிதிலைப் பகுதிக்குச் செல்வோம். சீதை பிறந்த நாடென்று நாம் கதையில் அறிந்த பகுதி அது. அங்குள்ள பெண்கள் தரையில் அரிசி மாவுக் குழம்பால் 'அரிபன்' என்னும் கோலம் இடுகின்றனர். நம் கோலத்திற்கு அது உடன்பிறப்பு. திருமணம் நடக்கும் வீட்டில் மணமக்கள் தங்கும் அறையின் மண்சுவரில் தாமரையும் மூங்கிலும் மீனும் கிளியும் நிறைந்த மங்கல ஓவியம் ஒன்றைத் தீட்டுவர். 'கோபர்' என்று அதற்குப் பெயர். மூங்கில் குச்சியின் நுனியில் பஞ்சையோ துணியையோ சுற்றியது தூரிகை. விளக்குக் கரியும் மஞ்சளும் பூச்சாறும் வண்ணங்கள். தாய் மகளுக்குச் சொல்லிக்கொடுக்க, கை வழியாக வந்த கலை அது. மழையிலும் ஈரத்திலும் மண்சுவர் உதிரும். அடுத்த திருமணத்திற்கு மறுபடி தீட்டுவர். அது நிலைத்திருக்க வேண்டும் என்று எவரும் எதிர்பார்த்ததில்லை.

வெளியுலகம் இதனை அறிந்ததே ஒரு பேரழிவின் வாயிலாகத்தான். 1934-ஆம் ஆண்டு சனவரி 15-ஆம் நாள் பீகாரையும் நேபாளத்தையும் கொடிய நிலநடுக்கம் உலுக்கியது. அப்போது அப்பகுதியில் ஆங்கில அரசின் அதிகாரியாயிருந்த டபிள்யூ. ஜி. ஆர்ச்சர் என்பவர், சேதத்தைப் பார்வையிடச் சென்றபோது, இடிந்து திறந்து கிடந்த வீடுகளின் உட்சுவர்களில் இந்த ஓவியங்களைக் கண்டார். பின்னர் அவற்றைப் பற்றி 1949-இல் 'மார்க்' என்னும் கலை இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஆயினும் ஓவியம் தீட்டிய பெண்களின் வாழ்க்கையில் அதனால் மாறுதல் ஒன்றும் உண்டாகவில்லை.

மாறுதல் வந்தது மற்றொரு துன்பத்தின்போது. 1966, 1967 ஆண்டுகளில் பீகாரில் மழை பொய்த்துக் கடும் வறட்சி உண்டாயிற்று. வயலில் வேலையில்லை, வீட்டில் தானியமில்லை. அப்போது அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியத்தில் பொறுப்பிலிருந்த புபுல் ஜயகர் அம்மையார், மும்பையைச் சேர்ந்த பாஸ்கர் குல்கர்ணி என்னும் ஓவியரை மிதிலைக்கு அனுப்பினார். சுவரில் தீட்டுவதைக் காகிதத்தில் தீட்டித் தந்தால் விற்றுக் காசாக்கலாம் என்பது திட்டம். அவர் காகிதத்துடன் கிராமம் கிராமமாகச் சென்றார். திருமண அறையின் மங்கலத்தைக் காசுக்கு விற்பதா என்ற தயக்கம் அங்கு இருந்திருக்கலாகும். எனினும் சில பெண்கள் துணிந்து முன்வந்தனர். ஜித்வார்பூர் கிராமத்து ஜகதம்பா தேவியும் சீதா தேவியும் அவர்களுள் இருவர். ஜகதம்பா தேவிக்கு 1975-லும் சீதா தேவிக்கு 1981-லும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

இந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. வறட்சிக் காலத்தில் அரசு தந்தது காகிதமும் சந்தையும் மட்டுமே. வரையும் கை முன்பே இருந்தது. பயன் ஒன்றையும் கருதாமல், திருமணத்திற்குத் திருமணம், தலைமுறைக்குத் தலைமுறை அந்தக் கையைப் பழக்கி வைத்திருந்தனர் அப்பெண்கள். நல்ல காலத்தில் வீண்வேலை என்று அதைக் கைவிட்டிருந்தால், கெட்ட காலத்தில் காகிதம் வந்தும் பயனில்லாமற் போயிருக்கும். 'பிழைப்பைப் பார்' என்று சொல்வோருக்கு இதுவே முதல் விடை. எந்தத் திறன் எந்நாளில் பிழைப்பாகும் என்பதை முன்கூட்டி அறிதல் எவர்க்கும் இயலாது.

ஆனால் பொருள் வருவாய் ஒன்றே இதன் பயன் என்று முடிவு கட்டுதல் தவறு. அதற்குச் சான்றாக விளங்குபவர் கங்கா தேவி. 1928-ஆம் ஆண்டு பிறந்த இவர் மெல்லிய கோடுகளாலேயே உருவம் முழுவதையும் நிரப்பும் முறையில் தேர்ந்தவர். கணவர் மற்றொரு பெண்ணை மணந்துகொள்ள, இல்லற வாழ்வில் ஆதரவின்றி நின்றவர். அந்நிலையில் அவரது கைக்கோடு அவருக்குத் துணையாயிற்று. பிறப்பு முதலாக மனித வாழ்வின் படிகளைத் தாம் கண்டவாறே வரிசையாகத் தீட்டினார். 1984-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

1985-ஆம் ஆண்டு இந்திய விழாவையொட்டி கங்கா தேவி அமெரிக்கா சென்றார். மொழி தெரியாத நாடு, கிராமத்து மூதாட்டி. திரும்பி வந்து அவர் தீட்டிய ஓவியங்களுள் ஒன்று, அங்குள்ள 'ரோலர் கோஸ்டர்' என்னும் ஏறி இறங்கி வளைந்தோடும் விளையாட்டு வண்டியைக் காட்டுவது. மிதிலையின் தாமரைக்கொடிக்கு வளைந்த அதே கோடு, அந்த வண்டியின் பாதைக்கும் வளைந்துகொடுத்தது. அவர் தம் மரபை விட்டுவிட்டு அமெரிக்க ஓவியம் கற்கவில்லை. அமெரிக்காவைக் காணாதவர்போல் பழைய தாமரையையே மறுபடி வரைந்துகொண்டு இருக்கவுமில்லை. தம்மிடமிருந்த கோட்டைக்கொண்டு, தாம் கண்ட புதுமையைத் தம்முடையதாக்கிக்கொண்டார். வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இதனினும் நல்ல பாடம் கிடைப்பது அரிது.

பின்னர் அவரைப் புற்றுநோய் பற்றியது. டில்லியில் சிகிச்சை பெற்றார். அந்த அனுபவத்தையும் அவர் ஓவியத் தொடராகத் தீட்டினார். மருத்துவமனைக்குச் செல்லும் பயணமும், மருத்துவர்களும், படுக்கையும் அதில் இடம்பெற்றன. தன் உடலில் நிகழ்வது தன் கட்டுக்கு அடங்காததாய் இருந்தபோதும், அதைக் காகிதத்தில் எங்கே வைப்பது, எவ்வளவு பெரிதாக வைப்பது என்பதை அவரே தீர்மானித்தார். 1991-இல் அவர் காலமானார். தம் கடைசி ஆண்டுகளில் டில்லிக் கைவினை அருங்காட்சியகத்தில் ஒரு திருமண அறையை அவர் சுவர் முழுதும் தீட்டி வைத்திருந்தார். அவ்வறை பின்னாளில் சீரமைப்பு வேலையின்போது அழிந்துபோயிற்று. அறிந்தோர் மிகவும் வருந்தினர். வருத்தம் நியாயமானதே. எனினும் மண்சுவர் நிலையாதென்பதை அந்நாட்டுப் பெண்கள் என்றும் அறிந்தவர்கள். அவர்கள் காத்து வந்தது அடுத்தவளுக்குக் கற்பிக்கும் வழக்கத்தை.

அந்த வழக்கம் சாதி எல்லையையும் கடந்து பரவியது. தலித் பெண்கள் தங்கள் உடலில் பச்சை குத்திக்கொள்ளும் உருவங்களைக் காகிதத்திற்குக் கொணர்ந்து 'கோத்னா' என்னும் தனி முறையை வளர்த்தனர். மீனவர் குலத்தில் பிறந்த துலாரி தேவி, ஓவியர் மகாசுந்தரி தேவியின் வீட்டில் வேலை செய்துகொண்டே ஓவியம் கற்றார். தம் கதையைத் தாமே படமாக வரைந்து சொல்லிய அவருடைய நூலைச் சென்னைப் பதிப்பகம் ஒன்று வெளியிட்டது. 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் விற்பனைக் கண்காட்சிகள் நின்றுபோனபோது, மதுபனி ஓவியர்கள் முகக்கவசத் துணியில் மீனையும் மலரையும் தீட்டி விற்றனர். 1967-இல் காகிதத்தைக் கண்டு அஞ்சாத கை, 2020-இல் முகக்கவசத்தையும் கண்டு அஞ்சவில்லை.

இரண்டாவது சான்று சண்டிகரில் இருக்கிறது. 1947-இல் நாடு பிரிந்தபோது பஞ்சாபின் தலைநகரமாயிருந்த லாகூர் பாகிஸ்தானுக்குச் சென்றது. கிழக்குப் பஞ்சாபுக்குப் புதிய தலைநகரம் வேண்டியிருந்தது. லெ கொர்பூசியே என்னும் பேர்பெற்ற கட்டடக் கலைஞரின் திட்டப்படி சண்டிகர் உருவாயிற்று. நேரான சாலைகள், அளவெடுத்த பகுதிகள், புத்தம் புதிய கட்டடங்கள். அவற்றிற்கு இடம் கொடுப்பதற்காகப் பல பழைய கிராமங்கள் அகற்றப்பட்டன. இடிந்த வீடுகளின் ஓடும் உடைந்த மண்பாண்டமும் குவியலாயின.

அங்கே பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக வேலை பார்த்தவர் நேக் சந்த். 1924-ஆம் ஆண்டு, இன்று பாகிஸ்தானில் இருக்கும் சகர்கர் வட்டாரத்து பேரியான் கலான் கிராமத்தில் பிறந்தவர். பிரிவினையின்போது பிறந்த ஊரை இழந்து இந்தியாவுக்கு வந்த அகதி. வேலை நேரம் முடிந்தபின் இவர் மிதிவண்டியில் சென்று, ஆற்றுப் படுகையிலிருந்து விசித்திர வடிவமுள்ள கற்களையும், இடிபாடுகளிலிருந்து உடைந்த வளையல், பீங்கான், மின்சாரச் சாதனங்களின் பகுதிகள் ஆகியவற்றையும் திரட்டினார். சுக்னா ஏரிக்கு அருகே, கட்டடம் கட்டலாகாது என்று அரசு ஒதுக்கி வைத்திருந்த காட்டில், 1950-களின் இறுதி முதல் ஏறத்தாழப் பதினைந்தாண்டுகள் எவரும் அறியாமல் அவற்றைக்கொண்டு ஒரு சிறு உலகத்தைப் படைத்தார். இராஜாக்களும் இசைவாணர்களும் தண்ணீர் சுமக்கும் பெண்களும் குரங்குகளும் பறவைகளும் ஆயிரக்கணக்கில் சிமெண்டில் உருப்பெற்றுப் படைபடையாக நின்றன.

1970-களில் அதிகாரிகள் அதைக் கண்டுபிடித்தனர். சட்டப்படி அது ஆக்கிரமிப்பு, இடிக்கப்பட வேண்டியது. ஆனால் பார்த்தவர்கள் வியந்தனர். ஆட்சியாளரிலும் சிலர் அதன் அருமையை உணர்ந்தனர். 1976-இல் அது 'பாறைத் தோட்டம்' என்ற பெயரில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நேக் சந்துக்கே அதைப் பேணும் பதவியும் சம்பளமும் வேலையாட்களும் அளிக்கப்பட்டன. 1984-இல் அவர் பத்மஸ்ரீ ஆனார். 1990-ஆம் ஆண்டளவில் ஒரு சாலைக்காகத் தோட்டத்தின் ஒரு பகுதியை இடிக்க இயந்திரங்கள் வந்தபோது நகர மக்கள் குறுக்கே நின்று தடுத்தனர். 2015-ஆம் ஆண்டு சூன் மாதம் அவர் மறைந்தார். இன்று சண்டிகருக்குச் செல்வோர் கொர்பூசியேயின் கட்டடங்களைப் பார்க்கிறார்களோ இல்லையோ, பாறைத் தோட்டத்தைப் பாராமல் திரும்புவதில்லை.

பிறந்த ஊரை இழந்த ஒருவர், தம் ஊரைப் போலவே இடிபட்ட ஊர்களின் ஓடுகளை ஏன் பொறுக்கினார்? இதற்கு அவர் நீண்ட விளக்கம் தந்ததாக நாம் அறியோம். சிறுவயதில் தாய் சொல்லக் கேட்ட அரசர் கதைகளே தமக்குத் தூண்டுதல் என்பது அவர் கூறிவந்தது. ஆயினும் செய்கையே ஒரு விளக்கமாக நிற்கிறது. பெரிய திட்டங்கள் மேலிருந்து வருகின்றன, நகரங்களை எழுப்புகின்றன, எல்லைகளைப் போடுகின்றன. அவற்றுள் தனி மனிதனுக்குக் கேள்வியில்லை. அவன் செய்யக்கூடியது, திட்டம் வேண்டாமென்று தள்ளியதைக் குனிந்து எடுப்பது. நேக் சந்த் எடுத்தவை உடைந்த வளையல்கள். ஆனால் அவற்றை எங்கே பதிப்பது என்பதில் எந்த அதிகாரியும் அவருக்கு மேலில்லை.

இவ்விரண்டு வரலாறுகளிலிருந்தும் படைப்புத் திறன் நிலையற்ற காலத்தில் மனிதனுக்கு எவ்வாறு உதவுகிறது என்பதை மூன்றாகத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, அது தீர்மானிக்கும் ஆற்றலைக் காத்துத் தருகிறது. வேலை நிலைக்குமா, வாடகை உயருமா, ஆட்சி மாறுமா என்பன நம் கையில் இல்லை. ஓயாமல் அவற்றையே எண்ணும் மனம் சோர்ந்து, தீர்மானம் செய்யும் பழக்கத்தையே மறந்துவிடுகிறது. கோலமிடுபவள் இருபது புள்ளிக்குள் நூறு முடிவுகள் செய்கிறாள். பிழைத்தால் அழித்துத் திருத்துகிறாள். தொடங்கிய ஒன்றை முடித்துவிட்டோம் என்ற நிறைவு அன்றைக்கு அவளுக்குக் கிடைத்துவிடுகிறது. இந்தப் பழக்கம் உள்ளவருக்குப் பெரிய நெருக்கடியிலும் கை நடுங்குவது குறையும்.

இரண்டாவது, அது நேற்றையும் நாளையையும் இணைக்கிறது. இடம் மாறியவனுக்கு நேற்று ஓரிடத்திலும் இன்று வேறிடத்திலும் அறுந்து கிடக்கின்றன. நினைவை மட்டும் வைத்துக்கொண்டால் அது ஏக்கமாகிறது. நினைவைப் பொருளாக்கினால் அது உடைமையாகிறது. பிள்ளைக்குக் கொடுக்கவும் கூடியதாகிறது.

மூன்றாவது, அது அயலாரை அழைக்கிறது. மிதிலையில் அரிபன், வங்காளத்தில் அல்பனா, மகாராட்டிரத்தில் ரங்கோலி, ஆந்திரத்தில் முக்கு, இராசத்தானில் மாண்டணா, குமாவோன் மலைநாட்டில் ஐபண் என்று நம் கோலத்தின் சுற்றத்தார் நாடெங்கும் இருக்கின்றனர். அடுக்குமாடி வீட்டின் வாசலில் நாலடி இடத்தில் ஒரு தமிழ்ப்பெண் கோலமிட்டால், எதிர்வீட்டு வங்க மாது நின்று பார்ப்பாள். தன் ஊர் வழக்கைச் சொல்வாள். மொழி தடுக்கும் இடத்தில் மாவுக் கோடு பேச்சைத் தொடங்கி வைக்கிறது. இடுக்கண் வந்த நாளில் கதவைத் தட்ட ஒரு வீடு வேண்டுமல்லவா? அத்தகைய உறவு இப்படித்தான் முளைக்கிறது.

நம்மவர் வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. பாரதியார் 1908-ஆம் ஆண்டு கைதாகும் நிலையிலிருந்து விலகிப் புதுச்சேரிக்குச் சென்றார். அங்கிருந்து வெளிவந்த 'இந்தியா' பத்திரிகை பிரிட்டிஷ் இந்தியாவினுள் வருவதற்குத் தடை விதிக்கப்பட்டது, பத்திரிகை நின்றது. ஒற்றர் கண்காணிப்பும் வறுமையும் சூழ்ந்தன. 1918 வரை நீடித்த அந்தப் பத்தாண்டுகளில்தான் கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் பாஞ்சாலி சபதமும் பிறந்தன. ஊரும் பத்திரிகையும் அவரிடமிருந்து பறிபோயின. எழுதுகோலை ஒருவரும் பறிக்க முடியவில்லை.

அதற்குப் பின்னாளில் தலைநகரில் அலுவல் பார்த்த தமிழர்களையும் நினைவுகூரலாம். 1965-இல் கி. கஸ்தூரிரங்கன் டில்லியிலிருந்து 'கணையாழி' இதழைத் தொடங்கினார். தமிழ்நாட்டுக்கு ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து எழுந்த அவ்விதழ், தமிழ்நாட்டிலேயே பலர் தேடிப் படிக்கும் இதழாயிற்று. டில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த இந்திரா பார்த்தசாரதியும், அந்நகரிலேயே பணிபுரிந்த ஆதவனும், வேலைக்காக வந்து சேர்ந்த தமிழரின் தனிமையையும் போலித்தனத்தையும் நாவல்களாக்கினர். 1968-ஆம் ஆண்டு கீழ்வெண்மணியில் நேர்ந்த கொடுமையைக் கருவாகக்கொண்ட 'குருதிப்புனல்' நாவலை எழுதியவரும் அந்த டில்லிப் பேராசிரியரே. 1977-இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. தூரத்தில் இருப்பவனுக்குச் சில சமயம் ஊர் தெளிவாகத் தெரிகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

இனி, எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டியவையும் உள்ளன. துன்பம் கலையை வளர்க்கிறது என்று சொல்லித் துன்பத்தைப் போற்றுதல் கொடுமை. வறட்சி வாராதிருந்தால் மிதிலைப் பெண்களுக்கு நன்மையே. எத்தனையோ கைகள் பசியில் ஓய்ந்துபோயின. அவற்றின் ஓவியம் நமக்குத் தெரியவே தெரியாது. மேலும், காகிதம் வந்தபின் இடைத்தரகரும் வந்தனர். ஓவியத்தின் விலைக்கும் வரைந்தவள் கையில் விழுந்த காசுக்கும் வேறுபாடு பெரிதாயிருந்தது. விற்கும் படத்தையே திரும்பத் திரும்ப வரையச் சொல்லும் சந்தையில் கற்பனை வறண்டுபோவதும் உண்டு. ஆகவே, கூலி கேட்க வேண்டிய இடத்தில் கூலி கேட்பதும், உரிமைக்குப் போராட வேண்டிய இடத்தில் போராடுவதும் வேண்டியவையே. கலை அவற்றிற்கு மாற்றாகாது. வேலை இழந்தவனிடம் 'பாட்டெழுதி ஆறுதல் பெறு' என்று சொல்பவன் நண்பனாக மாட்டான்.

எழுதும் பொறியும் வரையும் பொறியும் வந்துவிட்ட பிறகு மனிதக் கைக்கு மதிப்பென்ன என்ற ஐயத்திற்கும் விடை கூற வேண்டும். தொழிலுக்காக எழுதுவோரும் வரைவோரும் இதனால் கவலை கொள்வது இயல்பே. அதைச் சிறிதாக்கிப் பேசுவதற்கில்லை. ஆனால் நாம் இங்குப் பேசுவது, செய்பவருக்குள் நிகழும் மாறுதலைப் பற்றியது. பொறி ஒரு நொடியில் ஆயிரம் கோலம் போடலாம். விடியற்காலையில் குனிந்து கோலமிட்டவளின் உள்ளத்தில் உண்டாகும் தெளிவை அது போட்டுத் தர முடியாது. நம்மைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு நாமே எழுதிவைக்கும் பத்துப் பக்கத்தை, நம் வாழ்வை வாழாத ஒன்று எழுதிவிடவும் முடியாது.

அப்படியாயின் நாம் செய்யத்தக்கது யாது? சில எளிய வழிகளைக் கூறுவோம். கருவி வரட்டும், ஓய்வு வரட்டும், பிள்ளைகள் வளரட்டும் என்று காத்திருத்தல் வேண்டா. மிதிலையில் தூரிகை மூங்கில் குச்சி. சண்டிகரில் மூலப்பொருள் குப்பை. நாளில் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். ஒரு குறிப்பேட்டை வாங்கி, நம் குடும்பம் எந்த ஆண்டில், எந்த ஊரிலிருந்து, எதற்காக இங்கு வந்தது, முதல் வாடகை எவ்வளவு, முதலில் உதவிய அயலார் யார் என்று எழுதத் தொடங்கலாம். பாட்டி பாடிய தாலாட்டின் அடிகளை நினைவுள்ளவரை எழுதி, மறந்த இடத்தில் நம் சொல்லை இட்டு நிரப்பலாம். தாலாட்டு என்றும் அப்படித்தான் வளர்ந்து வந்திருக்கிறது. தமிழ்ச் சங்க விழாவில் வெளியூர்க் குழுவின் நாடகத்தைப் பார்த்துக் கலைவதோடு நில்லாமல், நம் குடியிருப்பின் கதையையே ஒரு சிறு நாடகமாக்கிப் பிள்ளைகளைக்கொண்டு நடிக்கச் செய்யலாம்.

அப்பிள்ளைகளின் தமிழில் இந்தியோ மராத்தியோ கன்னடமோ கலந்திருக்கும். முதல் நாளே அதைக் கண்டித்தால் வாயே திறக்கமாட்டார்கள். கங்கா தேவியின் கோட்டில் அமெரிக்க வண்டி ஏறியதைப்போல், நம் பிள்ளைகளின் தமிழில் அவர்கள் பிறந்து வளர்ந்த ஊரும் ஏறட்டும். அவர்கள் சொல்லும் கதையில் நாகபுரி ஆரஞ்சுத் தோட்டமும் மும்பை மின்தொடர் வண்டியும் வந்தால், அது தமிழுக்கு வரவே. பிழை திருத்தம் பின்னர் வரலாம். பேசவும் எழுதவும் விருப்பம் அற்றுப்போய்விட்டால் திருத்துவதற்கு ஒன்றும் இராது.

விற்பனையையும் புகழையும் அளவுகோலாகக் கொள்ள வேண்டா என்பதும் ஒன்று. நேக் சந்த் பதினைந்தாண்டுகள் பார்ப்பவர் எவருமில்லாமல் படைத்தார். மிதிலைப் பெண்கள் பல தலைமுறைகள் மண்சுவரில் தீட்டி மழைக்குக் கொடுத்தனர். உலகம் பார்த்தது பிற்பாடு. பாராமலே போயிருக்கவும் கூடும். அப்போதும் அவர்கள் செய்தது வீணாகியிராது. ஏனெனில் செய்த நாளிலேயே அதன் முதற் பயனை அவர்கள் பெற்றுவிட்டனர்.

அன்பர்களே, காலம் மாறுவதை நாம் நிறுத்த இயலாது. இன்னொரு மாற்றல் உத்தரவு வரலாம். இன்னொரு ஆலை மூடப்படலாம். நாம் கேள்விப்படாத ஒரு புதுப் பொறியும் வரலாம். வீட்டுச் சாமான்களைக் கட்டும்போது சிலவற்றை விட்டுவிட்டுத்தான் போக நேரும். கையில் படிந்த கலையைக் கட்டவும் வேண்டா. சுமை கூலியும் அதற்கு இல்லை. புது ஊரில் இறங்கிய மறுநாட்காலை, சாமான் வண்டி இன்னும் வந்து சேராத வீட்டின் வாசலிலும், ஒரு பிடி அரிசிமாவு இருந்தால் கோலம் இட்டுவிடலாம்.